அனுமதி வாங்கிய பிறகு

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை என்ற கோபம் உனக்கு இருக்கும். அதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு இதைப் படி, ஏனென்றால் இந்த முறை உன் நட்போடு உன் பொறியியலும் எனக்குத் தேவைப்படுகிறது.

எங்கள் குடியிருப்போர் சங்கம் மொட்டைமாடியின் நடுவில் பெரிய நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டவும், திருட்டுப் பயத்தால் பின்பக்கப் படிக்கட்டின் கதவை நிரந்தரமாகப் பூட்டிவைக்கவும் தீர்மானிக்க இருந்தது. நான் எதிர்த்துப் பேசியதால் முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. எதிர்த்தரப்பினர் அக்கறையற்றவர்கள் அல்லர். வரைபடத்துக்கு அனுமதி இருக்கிறது, நிறைவுச் சான்றிதழும் இருக்கிறது, இனி என்ன பயம் என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் என்னை உறங்கவிடவில்லை. சான்றிதழ் கொடுத்தது அன்று நின்ற கட்டடத்துக்கு. பிறகு நாம் ஏற்றும் சுமைக்கும் பூட்டும் கதவுக்கும் அது எப்படிப் பொறுப்பேற்கும்?

குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு, அதாவது ஆட்கள், சாமான்களின் எடைக்குக் கணக்கிடுவது வழக்கம் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். தொட்டியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 1,000 கிலோ ஆகிறது. தொட்டிச் சுவர்களின் எடை தனி. இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் எழுந்து, "கான்கிரீட் தாங்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நம் ஆசிரியர் அளவுகோல் ஐயா அங்கே இருந்திருந்தால் அந்த விடைக்கு என்ன மதிப்பெண் போட்டிருப்பார் என்று உனக்குத் தெரியும்.

சியோல் நகரின் சாம்பூங் பல்பொருள் அங்காடியை அவர்களுக்கு நினைவூட்டினேன். வேறு பயன்பாட்டுக்கென்று திட்டமிட்ட கட்டடத்தை அங்காடியாக மாற்றினார்கள். மின்படிகளுக்கு இடம் வேண்டும் என்று தூண்களில் கைவைத்தார்கள். நான்கு தளத்துக்குமேல் ஐந்தாவதாக ஒன்றை ஏற்றி, அங்கே உணவகங்களை வைத்தார்கள். கூரையில் இருந்த கனமான குளிர்சாதன இயந்திரங்களை இடம் மாற்றுவதற்காகத் தளத்தின் மீதே இழுத்துச் சென்றார்கள். 1995 ஜூன் 29 அன்று காலையிலேயே ஐந்தாம் தளத்தில் விரிசல்களைக் கண்டு அந்தத் தளத்தை மட்டும் மூடிய நிர்வாகம், கீழே வியாபாரத்தை நிறுத்தவில்லை. மாலையில் கட்டடம் சரிந்து 502 பேர் இறந்தார்கள். அந்த மாற்றங்களில் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கும்போது யாருக்கோ சிறியதாகத்தான் தோன்றியிருக்கும்.

கதவு விஷயத்தில் எனக்கு இதைவிடக் கோபம் வருகிறது. நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிச் செல்லக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். தீயணைப்பு ஏணிகள் ஆறாம் மாடி வரைதான் எட்டின. தொழிற்சாலையோ எட்டு முதல் பத்து வரையிலான மாடிகளில் இருந்தது. 146 பேர் இறந்தார்கள். கட்டடம் தீயைத் தாங்கியது, இன்றும் நிற்கிறது. குறைந்தபட்சப் பாதுகாப்பு என்பதற்குக் கட்டடம் விழாமல் நிற்பது போதுமானது என்று நினைப்பவர்களிடம் நான் வேறென்ன சொல்ல முடியும்? திருட்டுப் பயமும் நியாயமானதே. வெளியிலிருந்து திறக்க முடியாமல், உள்ளிருந்து சாவியின்றித் தள்ளினாலே திறக்கும் கதவைப் போட்டால் இரண்டு பயத்துக்கும் தீர்வு கிடைக்கும்.

லண்டனின் கிரென்ஃபெல் கோபுரமும் இதே வகைதான். 1974இல் முடிந்த கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2016இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிச்சுவருக்கு எளிதில் தீப்பிடிக்கும் உறை போட்டார்கள். 2017இல் ஒரு வீட்டில் தொடங்கிய தீ அதன் வழியாகக் கோபுரம் முழுவதும் ஏறி 72 பேரைக் கொன்றது.

ஆகவே நான் சங்கத்திடம் கேட்பது ஒன்றுதான்: அனுமதி நாளோடு முடிந்துபோகாத ஆய்வு. சிங்கப்பூரில் 1986இல் ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து 33 பேர் இறந்த பிறகு, குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் ஆய்வு செய்யவேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். ஒரு நகரம் முழுவதற்கும் முடிந்தது, நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் முடியாதா?

உனக்கு வேலை இதுதான். கட்டமைப்பு வரைபடத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தொட்டியை நடுவில் வைக்காமல் தூண்களின் தலைக்குமேல், சிறிய தொட்டிகளாகப் பிரித்து வைக்க வழியுண்டா என்று பார்த்துச் சொல். உன் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பாக இருந்தால் நல்லது. நான் பேசினால் என் கருத்து என்கிறார்கள், நீ எழுதினால் கணக்கு என்பார்கள். கூட்டம் மாதக் கடைசியில் இருக்கிறது, அதற்குள் பதில் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்