அப்பீல் போட்டாச்சு: நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் தொழில் செய்யும் தமிழ் வழக்கறிஞர்களாகிய நம் சங்கத்தின் தலைவர், செயலாளர், பயிற்சிக் குழுவினர் ஆகியோருக்கு,

வணக்கம்.

இதே பொருள் குறித்து நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றும் உங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கும் என்று நம்புவதால், அவற்றில் சொன்னதை இங்கே திரும்ப எழுதவில்லை. கோரிக்கை மட்டும் மாறவில்லை. நகர நீதிமன்றங்களுக்கு விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமைகளில், மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம், சிவில் மேல்முறையீடு எப்படி நடக்கிறது என்பதைத் தொழிலில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வகுப்பாக நடத்துங்கள் என்பதே அது. முன்னர் தனிமடலாக எழுதியதை இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம், சென்ற மாதம் ஸ்ரீராமபுரத்தில் நான் கண்ட ஒரு காட்சி.

அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு அம்மா. வீட்டின் முன்னறையில் கிரைண்டர் வைத்து, இட்லி மாவு அரைத்து, தெருவுக்கு விற்றுப் பிழைப்பவர். கணவர் காலமான பிறகு கொழுந்தனார் பிள்ளைகள் அந்த வீடு தங்களுடையது என்று உரிமை கோரி வழக்குப் போட்டு, மூன்று மாதத்தில் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று சிட்டி சிவில் கோர்ட்டில் டிக்ரியும் (தீர்ப்பின்படி பிறக்கும் நீதிமன்ற ஆணை) வாங்கிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நீதிமன்ற அமீனா பூட்டை மாற்றி முடித்திருந்தார். நடைபாதையில் எவர்சில்வர் தூக்குகள், ஒரு பீரோ, சுவாமி படங்கள், அவற்றுக்கு நடுவே அந்தக் கிரைண்டர். பாதி அரைத்த உளுந்து அதற்குள்ளேயே பொங்கி, விளிம்பைத் தாண்டி ஓரமாக வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா அழவில்லை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தாக்கல் செய்ததற்கான சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, அமீனாவிடமும், பந்தோபஸ்துக்கு வந்த காவலரிடமும், பிறகு என்னிடமும் அதை நீட்டி ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "அப்பீல் போட்டாச்சுன்னு வக்கீல் சார் சொன்னாரே, அப்புறம் எப்படிங்க பூட்டுவாங்க?"

அமீனா தவறு செய்யவில்லை. டிக்ரியை நிறைவேற்றித் தரும் நீதிமன்றமும் தவறு செய்யவில்லை. சிவில் நடைமுறைச் சட்டமான சி.பி.சி.யின் ஆர்டர் 41, ரூல் 5 முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது: மேல்முறையீடு தாக்கல் செய்வதனால் மட்டுமே டிக்ரியின் நிறைவேற்றம் நின்றுவிடாது, மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தால்தான் நிற்கும். டிக்ரி பிறந்து இரண்டு ஆண்டுக்குள், அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டால், பொதுவாக ஆர்டர் 21, ரூல் 22-இன்படி முன்கூட்டி நோட்டீஸ்கூடத் தேவையில்லை என்பதால், அந்த அம்மாவுக்குக் கதவு தட்டப்படும் வரை ஒன்றும் தெரியவில்லை.

வக்கீல் சார் நம் உறுப்பினர். ஏழாண்டு அனுபவம் உள்ளவர், குறுக்கு விசாரணையில் கெட்டிக்காரர், கட்சிக்காரரை ஏமாற்றுபவர் அல்லர். மறுநாள் என் அலுவலகத்துக்குக் கட்டோடு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. நாங்கள் இருவரும் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். அந்தத் தாளை நிர்வாகிகளாகிய நீங்கள் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

சிட்டி சிவில் கோர்ட் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்துக்கு ரெகுலர் ஃபர்ஸ்ட் அப்பீல், அதாவது முதல் மேல்முறையீடு, போக 90 நாள் உண்டு. "தொண்ணூறு நாள் இருக்கிறதே" என்று அவர் 41-ஆம் நாள்தான் தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டார். நகல் 50-ஆம் நாளே தயாராகிவிட்டது. அவர் போய் வாங்கியது 70-ஆம் நாள். காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு நகல் வாங்கத் தேவைப்பட்ட காலத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. அவர் மனுப் போட்ட நாளிலிருந்து நகலைக் கையில் வாங்கிய நாள்வரை முப்பது நாளைக் கழித்து, தமக்கு 120 நாள் இருப்பதாகக் கணக்குப் போட்டு, 118-ஆம் நாள் நிம்மதியாகத் தாக்கல் செய்தார். சட்டம் கழிப்பதோ நகல் தயாராகும் வரைக்கும்தான். அது தயாராகிக் கிடந்து, நாம் போய் வாங்காத நாள்கள் நம் கணக்கில் ஏறும். பத்து நாள்தான் கழியும். ஆக, பதினெட்டு நாள் தாமதம். இத்தனைக்கும் விடை அந்த நகலின் முத்திரையிலேயே, மனுச் செய்த தேதி, தயாரான தேதி, வழங்கிய தேதி என்று வரிசையாக இருந்தது.

பதினெட்டு நாள் தாமதத்தை எந்த நீதிமன்றமும் மன்னித்துவிடும், இதில் என்ன பெரிய கேடு என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் ஆர்டர் 41-இல் ரூல் 3ஏ என்று ஒன்று இருக்கிறது. தாமதத்தோடு வரும் மேல்முறையீட்டில், தாமத மனுவை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் இல்லாமலே தள்ளுபடி செய்யக் காரணம் இல்லையென்றால், நோட்டீஸ் கொடுத்து அதை முதலில் தீர்க்க வேண்டும். மேல்முறையீட்டை விசாரிப்பது என்று நீதிமன்றம் முடிவெடுக்கும் வரை தடையாணை பிறப்பிக்கக் கூடாது என்று அதன் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பில் நான்கு பேர். ஒருவர் வீடு மாறிப் போனதால் நோட்டீஸ் திரும்பி வந்தது. மறு நோட்டீஸுக்கு வாய்தா. தடையாணை மனு கட்டுக்குள்ளேயே தூங்க, நிறைவேற்று மனு தன் வழியில் நடந்து போய்க்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பின் விலாசத்தை நேரில் சரிபார்த்து, அவசரம் என்று சொல்லித் தாமத மனுவை மட்டுமாவது முன்னால் எடுக்கக் கேட்டிருந்தால் கதை மாறியிருக்கும். அதற்கும் முன்னால், மேல்முறையீட்டுக் காலம் முடிவதற்குள், டிக்ரி கொடுத்த நீதிமன்றத்திலேயே ரூல் 5-இன் இரண்டாம் உட்பிரிவின்படி தற்காலிகத் தடை கேட்டிருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே தமக்குத் தெரியாது என்று அந்த உறுப்பினர் என்னிடம் சொன்னபோது, எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. கோபம் வேறு இடத்தில் வந்தது.

சென்ற ஓராண்டில் நம் சங்கம் நடத்தியவற்றை நினைத்துப் பார்த்தேன். பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. சட்டம் பெரிதா, தர்மம் பெரிதா என்ற பட்டிமன்றத்தில் தர்மமே பெரிது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் மீது மேல்முறையீடு கிடையாது என்று நடுவர் சொன்ன நகைச்சுவைக்கு நானும் கைதட்டினேன். செயற்கை நுண்ணறிவும் சட்டத் தொழிலும் என்று ஒரு முழுநாள் கருத்தரங்கு நடந்தது; வந்த விருந்தினர் ஒவ்வொருவருக்கும் சால்வை, நினைவுப் பரிசு, மதியம் பிரியாணி. சால்வை போர்த்திய நேரத்தைக் கூட்டினால் மட்டும் ஆர்டர் 41-இல் பாதியை நடத்தி முடித்திருக்கலாம். இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள். விழாக்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம்; ஒரு ஊரில் பிழைக்க வந்த சமூகம் கூடிக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் வழக்கறிஞர் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் சங்கத்துக்கு, வழக்கு எங்கே தோற்கிறது என்பதில் கொஞ்சமாவது அக்கறை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

வழக்கு தோற்பது பெரும்பாலும் வாதத்தில் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். மேல்முறையீட்டு மனுக்களை நம்மில் எத்தனை பேர் பழைய கட்டிலிருந்து பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்கிறோம்! "விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது" என்பதே எல்லா மனுக்களுக்கும் முதல் காரணம். எந்தச் சாட்சி, எந்த ஆவணம், எந்த எழுவினாவில் (வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்வி) நீதிபதி வழுவினார் என்று ஒரு வரி இராது. முதல் மேல்முறையீடு சட்டத்தோடு சங்கதிகளையும் முழுதாகத் திரும்பப் பார்க்கும் இடம். முடிவு செய்ய வேண்டிய புள்ளிகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டிய கடமையை ஆர்டர் 41-இன் ரூல் 31 அந்த நீதிமன்றத்தின் மீது வைக்கிறது. 2001-இல் சந்தோஷ் ஹசாரி வழக்கிலும், 2011-இல் எச். சித்திக்கி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. நாமே புள்ளிகளை எடுத்துக் கொடுக்காமல், நீதிபதி அவற்றைத் தேடி எடுக்கவில்லை என்று பிறகு குறைப்படுகிறோம்.

இரண்டாம் மேல்முறையீடு இன்னும் மோசம். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சி.பி.சி. 100-ஆம் பிரிவின் கீழ் கணிசமான சட்ட வினா இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. இதை நான் அவமானப்பட்டுக் கற்றேன். என் நான்காம் ஆண்டில், கப்பன் பார்க் ஓரத்துச் சிவப்புக் கட்டடமான உயர் நீதிமன்றத்தில், ஒரு வரப்புத் தகராறுக்கான ரெகுலர் செகண்ட் அப்பீலில் (இரண்டாம் மேல்முறையீடு) எழுந்து நின்று, சர்வேயரின் சாட்சியத்தை உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சட்ட வினா எங்கே என்று ஒரே கேள்வி கேட்டார். என்னிடம் வரப்புத்தான் இருந்தது, வினா இல்லை. இரண்டு நிமிடத்தில் தள்ளுபடி. என் சீனியர் அன்று மாலை மூன்று மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். இன்று அப்படி உட்கார வைக்கும் சீனியர்களும் குறைவு, உட்காரும் அளவுக்கு நேரம் உள்ள ஜூனியர்களும் குறைவு. சட்டக் கல்லூரியில் மேல்முறையீடு பாடத்திட்டத்தின் வாலில் கிடக்கிறது. மாதிரி நீதிமன்றப் போட்டி என்றால் அடிப்படை உரிமைகளைப் பற்றித்தான். பிறகு யார்தான் சொல்லிக் கொடுப்பது?

நிலுவையில் கிடக்கும் மேல்முறையீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கையில் எதிர்மனுதாரர் ஒருவர் இறந்துவிட்டால், 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும்; தவறினால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போகும்; பிரிக்க முடியாத கூட்டு டிக்ரி என்றால் முழு மேல்முறையீடுமே கூடப் போய்விடும். அப்படி அற்றுப்போனதை நீக்கக் கேட்க இன்னும் 60 நாள்தான். இறந்தவர் வீட்டுப் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குப் போய்வந்த கட்சிக்காரர்கூட அதை வக்கீலிடம் சொல்ல வேண்டும் என்று அறியார். சொல்லச் சொல்லி வைக்க வேண்டியவர்கள் நாம்.

இதையெல்லாம் தமிழில் ஏன் நடத்த வேண்டும் என்று சென்ற முறை ஒரு நிர்வாகி கேட்டார். விசாரணை நீதிமன்றத்தில் கன்னடம் கேட்கிறோம், உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் பேசுகிறோம், கட்சிக்காரருக்குத் தமிழில் பதில் சொல்கிறோம். "அப்பீல் போட்டாச்சு, ஆனால் ஸ்டே இன்னும் வரவில்லை, அதுவரை வீடு பத்திரமில்லை" என்று அந்த அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல, சொல்பவருக்கு அது தமிழில் தெளிவாக இருந்திருக்க வேண்டும்.

அந்த அம்மாவின் மேல்முறையீடு இப்போதும் நிலுவையில்தான் இருக்கிறது. வென்றால் சி.பி.சி. 144-ஆம் பிரிவின்படி உடைமையைத் திரும்பக் கேட்கலாம். அதுவரை அவர் மகள் வீட்டில், மாடியில் இருக்கிறார்; அங்கே கிரைண்டர் ஏற்ற வழியில்லை.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். மேடை, மாலை, ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். ஒரு அறை, ஒரு பலகை, உட்கார நாற்காலிகள் போதும். முதல் ஆறு வகுப்புகளை நானே ஊதியமின்றி எடுக்கிறேன். என்னோடு அந்த உறுப்பினரும் வந்து, தாம் தவறிய கணக்கைத் தாமே பலகையில் போட்டுக் காட்டச் சம்மதித்திருக்கிறார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாகச் சேர்த்து, ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் ஒரு பதில் தருமாறு வேண்டுகிறேன். முதல் வகுப்புக்கு வருபவர்கள் தங்களிடம் உள்ள ஏதாவது ஒரு தீர்ப்பு நகலைக் கொண்டுவந்தால் போதும், முத்திரையிலிருந்தே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
சிவில் பக்கத்தில் தொழில் செய்யும் உங்கள் உறுப்பினர் ஒருவன்,
பெங்களூரு