ஹெல்சிங்கியிலிருந்து அப்பாவுக்கு

ஹெல்சிங்கி,
பிப்ரவரி 1

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் தம்பியும் நலமா? முட்டி வலிக்குத் தைலம் மட்டும் போதாது, டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா?" என்பீர்கள், நான் "ஆச்சுப்பா" என்பேன். அதோடு முடிந்துவிடும். ஜனவரி முழுக்க நாவலாகப் படித்தேன். சனிக்கிழமைதோறும் என்னைச் சைக்கிளில் வைத்துக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போனவர் நீங்கள். இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஜனவரி தொடக்கத்தில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் எழும்பும், மூன்றரைக்குள் இறங்கிவிடும். பகல் ஷிப்ட் என்றால் இருட்டில் போய் இருட்டில் திரும்புவேன். போன வருடம் இதே மாதம் லீவு நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். அப்போது உங்களிடம் சொல்லவில்லை. இந்த வருடம் அப்படிக் கிடக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கும் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அதன் பெயர் 'ஓடி'. இவர்கள் மொழியில் வாழ்த்துப்பா என்று அர்த்தமாம். 2018 டிசம்பரில் திறந்தது. மேல்மாடி முழுக்கப் புத்தகங்கள், அலை அலையாக வளைந்த வெள்ளைக் கூரை. நடுமாடியில் தையல் மிஷின் கூட இருக்கிறது, யார் வேண்டுமானாலும் துணி கொண்டுவந்து தைத்துக்கொள்ளலாம். கார்டுக்குக் காசு கிடையாது, புத்தகத்தை 28 நாள் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊர்க்காரர்கள் எழுதியதை மட்டும் படிப்பது என்று முடிவு செய்தேன், ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். வந்து இரண்டு வருடமாகிறது, இன்னும் யார் வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. நல்ல மனிதர்கள்தான், பேச்சுத்தான் குறைவு. கதவுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தேசிய நாடக அரங்கத்தின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பது போல ஒரு சிலை உண்டு. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிப்பேன். அலெக்சிஸ் கிவி என்ற எழுத்தாளர். அவருடைய 'ஏழு சகோதரர்கள்' 1870-ல் வந்தது. தாய் தகப்பன் இல்லாத ஏழு முரட்டுப் பிள்ளைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்தக் காலத்தில் கல்யாணம் நடக்காது. ஆனாலும் பாடம் சொல்லித் தருபவரிடமிருந்து ஜன்னல் வழியாகத் தப்பித்துக் காட்டுக்குள் போய்க் குடியிருக்கிறார்கள். கடைசியில் படிக்கக் கற்றுக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் எழுத்தோடு மல்லுக்கட்டும் பக்கங்களை நான் இரண்டு தடவை படித்தேன். நானும் வாரம் இரண்டு நாள் ஃபின்னிஷ் வகுப்புக்குப் போகிறேன் இல்லையா? நமக்கு எட்டு வேற்றுமை, இவர்களுக்குப் பதினைந்து. ஆனால் நம்மைப் போலவே உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. 'தலோ' என்றால் வீடு, 'தலோஸ்ஸா' என்றால் வீட்டில். அது புரிந்த அன்று எனக்குத் தெம்பு வந்தது.

அந்தப் புத்தகத்தைப் பேராசிரியர் ஒருவர் கடுமையாகத் தாக்கி எழுதினார். கிவி 1872-ல் வறுமையில், 38 வயதில் இறந்துபோனார். இப்போது அவர் பிறந்த அக்டோபர் 10 அன்று நாடு முழுக்கக் கொடி ஏற்றுகிறார்கள்.

அடுத்தது வைனோ லின்னா 1954-ல் எழுதிய போர் நாவல், 'அறியப்படாத வீரன்'. அதில் ஒவ்வொரு சிப்பாயும் தன் ஊர்ப் பேச்சில் பேசுகிறான். மொழிபெயர்ப்பில் அந்த வாசனை பாதிதான் வருகிறது. ரோக்கா என்று ஒருவன், கிழக்கு எல்லைப் பக்கத்துக் கரேலியாக்காரன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பின்லாந்துக்குச் சொந்தமான கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய்விட்டது. நாலு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வந்தார்கள். எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். ஆறு மாதமாக நான் மருந்து கொடுக்கிறேன், நன்றி என்பதைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை. ஒருநாள் மேஜையில் நான் வைத்திருந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "ரோக்கா" என்றார். அப்புறம் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி, சின்னப் பிள்ளையாக அங்கிருந்து நடந்து வந்ததைச் சொன்னார். 'லெஹ்மா' என்று மூன்று தடவை சொன்னார். பசு. பசுவையும் கூடவே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் ஒரு துப்பறியும் கதையும் எடுத்தேன், பாதியில் வைத்துவிட்டேன்.

உங்களிடம் சொல்ல நினைத்தது தூவே யான்சன் எழுதிய 'கோடைப் புத்தகம்' பற்றித்தான். 1972-ல் வந்தது. இங்கே ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையினர் உண்டு, அவர் அந்த மொழியில் எழுதினார். சின்னத் தீவில் ஒரு பாட்டியும் சோபியா என்ற பேத்தியும். பாசி, படகு, பூனை, சண்டை, சமாதானம், வேறொன்றும் பெரிதாக நடக்காது. சோபியாவுக்கு அம்மா இல்லை என்பது ஓரிடத்தில் ஒரே வரியில் வரும். தனிக் கட்டில் கிடைத்ததற்குக் காரணம் போல வரும், அவ்வளவுதான். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. யான்சன் தன் அம்மா இறந்தபின் எழுதிய புத்தகம் அது.

அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டேன் அப்பா. அம்மா போனபோது நான் ஏழாவது படித்தேன். நம் வீட்டிலும் யாரும் பேசவில்லை. சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. உங்கள் கார்டிலும் எனக்கே புத்தகம் எடுத்துக் கொடுத்தீர்கள். அப்படியென்றால் அந்த வருடம் முழுக்க நீங்கள் ஒன்றுமே படிக்கவில்லை. இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை.

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்ததாகத் தம்பி சொன்னான். அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள் அங்கேதான் இருந்தன. பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விடவில்லையே? பச்சை அட்டை போட்டதில் நடுவே இரண்டு வாரம் இருக்காது. தம்பி பிறந்து அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்கள் அவை. அந்த இடம் வரும்போது அம்மா தானே கதை கட்டிச் சொல்வாள். என்ன சொன்னாள் என்று எனக்கு மறந்துபோயிற்று. உங்களுக்கு நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். கொஞ்சமாக இருந்தாலும் போதும்.

உங்கள் அன்பு மகள்