முதுகில் புள்ளி இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மாடித்தோட்டப் பக்கத்தில், "புள்ளி போட்ட வண்டெல்லாம் நன்மை செய்யும் பூச்சி, தொடாதீர்கள்" என்று எழுதி, கத்தரி இலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வண்டின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது 28 புள்ளி வண்டு, ஐயா. எபிலாக்னா என்பார்களே, அதுதான். பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் பல பொறிவண்டுகள் தின்கிற அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும்.

நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் 11 தொட்டிக் கத்தரியை அதற்குத் தின்னக் கொடுத்தவள் நான். "பொறிவண்டு வந்திருக்கு, வேப்பெண்ணெய்கூட அடிக்காதீங்க" என்று வீட்டுக்காரரைத் தடுத்தேன். இலையெல்லாம் சல்லடையான பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். முதுகில் மினுக்கமே இல்லை. பொடி ரோமம் மூடி, தூசி படிந்த செம்பு மாதிரி மங்கல். இறக்கைக்கு 14 புள்ளி. இலைக்கு அடியில் அதன் புழு, மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்.

அசுவினி தின்பவற்றின் முதுகு பெரும்பாலும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். அவரைக் கொடியில் நான் அதிகம் பார்ப்பது நெளிநெளியாகக் கறுப்புக் கோடு ஓடுகிற வண்டு. அதன் அறிவியல் பெயருக்கு ஆறு புள்ளி என்று பொருள், முதுகில் கண்ணில் படுவதோ கோடு. பூசணி இலையில் சாம்பல் நோய்ப் பூஞ்சையை மேய்கிற மஞ்சள் வண்டுக்கு இறக்கையில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. தங்கள் வரியைப் படித்தவர்கள் அதை நசுக்கிவிட மாட்டார்களா?

இது முதல் தடவையும் இல்லை. ஒரு புள்ளிக்கு ஒரு வயது என்று சிறுவர் பக்கத்தில் போட்டீர்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்திலேயே புள்ளிகள் தெரிந்துவிடும், வயதுக்கு ஏற்பக் கூடுவதில்லை. முதலைக்குட்டி மாதிரி இருக்கும் பொறிவண்டுப் புழுவின் படத்துக்குக் கீழே "செடியைத் தாக்கும் புழு" என்றீர்கள். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். 30 வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறவளுக்கு ஒரு வரி பதில் போடக்கூடாதா?

பக்கத்து வீட்டு மாமி தங்கள் பக்கத்தை வெட்டி மாடிக் கதவில் ஒட்டிவிட்டார். காலையில் நான் வண்டைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடப் போனால், "பத்திரிகையிலேயே போட்டிருக்கு, உங்களுக்கு அதுக்கு மேல தெரியுமா?" என்று கையைப் பிடிக்கிறார். என்ன சொல்வது?

அடுத்த இதழில் இரண்டு வண்டையும் அருகருகே, பெரிதாகப் போடுங்கள். மங்கல் முதுகு இலையைத் தின்னும், பளபள முதுகு அசுவினியைத் தின்னும் என்று கீழே ஒரு வரி போதும். கதவில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை