அந்தப் பையன் பேர் என்ன?

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். சுதாவும் படிக்கட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நிதினுடைய டீச்சர் உங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டதைச் சொன்னாய். அவன் வகுப்பில் ஒரு பையன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் இவனும் இன்னும் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்கு ஓடுகிறார்களாம். அந்தப் பையன் மூன்று வாரமாக மத்தியானம் டப்பாவைத் திறப்பதே இல்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தாய். "பசங்கன்னா அப்படித்தாம்மா, இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க?" என்றாய். நானும் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். போனை வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்க உட்கார்ந்தவள், கரைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தை உன்னுடையது இல்லை கார்த்தி. 2001-ல், நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஹெட்மாஸ்டர் அறையில் நின்று நான் சொன்னது அது.

அதற்கு இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு யாழினி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது அவளுக்கு. 'எ சைலண்ட் வாய்ஸ்' என்று ஒரு ஜப்பான் படம், 2016-ல் வந்தது, நவோகோ யமடா என்ற பெண் இயக்கியது. நான் கார்ட்டூன் என்றேன், "அனிமே பெரியம்மா" என்று திருத்தினாள். கீழே ஓடும் இங்கிலீஷை நான் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிற படம். நாங்கள் பார்த்து முடிக்கும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

அதிலும் ஆறாம் வகுப்புதான். காது கேட்காத ஷோகோ என்ற பெண் புதிதாக வந்து சேருகிறாள். ஒரு நோட்டை நீட்டி, இதில் எழுதி என்னோடு பேசுங்கள் என்கிறாள். ஷோயா என்று ஒரு பையன். கெட்டவன் இல்லை, நேரம் போகாத பையன். முதலில் பின்னால் நின்று கத்திப் பார்க்கிறான். அப்புறம் அவள் காதுமெஷினைப் பிடுங்கி எறிகிறான். வகுப்பு சிரிக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் அவனுக்குத் தீனி. ஒரு நாள் அவன் பிடுங்குகிற வேகத்தில் அவள் காதில் ரத்தம் வருகிறது. அவளுடைய நோட்டைத் தண்ணீரில் போடுகிறார்கள். அவளோடு பேசுவதற்காகச் சைகை மொழி கற்றுக்கொள்கிறேன் என்று ஒரே ஒரு பெண் எழுந்து நிற்கிறாள்; அவளையும் பேசிப் பேசி பள்ளிக்கூடத்துக்கே வராமல் செய்துவிடுகிறார்கள். ஐந்து மாதத்தில் எட்டு காதுமெஷின் போய்விடுகிறது.

பிரின்சிபால் வந்து விசாரிக்கும்போது என்ன நடக்கிறது தெரியுமா? அதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் ஷோயாவின் பேரைச் சொல்லி அதட்டுகிறார். கூடச் சிரித்த பிள்ளைகள் எல்லாம் "நாங்க இல்லை, அவன்தான்" என்கின்றன. மறுநாளிலிருந்து அவன் பேர்தான் மேஜையில் கிறுக்கப்படுகிறது, அவன் செருப்புத்தான் காணாமல் போகிறது. ஷோகோ தினமும் காலையில் வந்து ஒரு மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அது அவளுடைய மேஜை இல்லை, ஷோயாவின் மேஜை; அவனைப் பற்றி எழுதியிருந்ததைத்தான் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று அவள் வேறு பள்ளிக்கூடம் போன பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் யாழினி மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அழுகை வேறு இடத்தில் வந்தது.

ஷோயாவின் அம்மா வீட்டிலேயே முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள். புருஷன் கூட இல்லை. விஷயம் தெரிந்ததும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாதாடவில்லை. பாங்க்குக்குப் போய் 17 லட்சம் யென் எடுக்கிறாள், அத்தனை காதுமெஷினுக்கும். பையனைக் கூட்டிக்கொண்டு போய் ஷோகோவின் அம்மாவைப் பார்க்கிறாள். பையன் தள்ளி நிற்கிறான். அவள் திரும்பி வரும்போது காதில் தோடு இல்லை, காது கிழிந்து ரத்தம் வடிகிறது. அங்கே என்ன நடந்தது என்று படம் காட்டவில்லை. அவளும் சொல்லவில்லை. எதுவும் நடக்காத மாதிரி பையனோடு வீட்டுக்குப் போகிறாள்.

யாழினியை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

கார்த்தி, நான் ஹெட்மாஸ்டர் அறைக்கு எப்படி வந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. போஸ்ட் ஆபீசில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, கோபத்தோடு வந்தேன். உன் வகுப்பில் திக்கிப் பேசுகிற பையன் ஒருத்தன் இருந்தான். நீங்கள் நாலு பேர் அவனை 'டைப்ரைட்டர்' என்று கூப்பிட்டீர்கள். இன்டர்வெல்லில் சுற்றி நின்று, "உன் பேர் சொல்லு, விட்டுடறோம்" என்பீர்கள். அவன் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது நாலு பேரும் பெஞ்சில் டக் டக் டக் என்று தட்டுவீர்கள். திக்குகிறவர்களுக்குச் சொந்தப் பேர்தான் ரொம்பக் கஷ்டமாம், பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மற்றச் சொல் வராவிட்டால் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிக்கலாம். பேருக்கு வேறு சொல் கிடையாது. உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் எந்த இடத்தில் தட்டினால் வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

அவன் அம்மா அந்த அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். சத்தம் போடவில்லை. "பேர் சொல்லு பேர் சொல்லுன்னு கேக்குறாங்களாம் சார், ராத்திரி தூக்கத்துலயும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறான்" என்றாள். நான் முதலில் "பசங்கன்னா அப்படித்தான்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "உங்க பையனை டாக்டர்கிட்ட காட்டுங்க, என் பையன் மேல ஏன் பழி போடுறீங்க" என்றும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. ஹெட்மாஸ்டர் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்து உனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. வேறு பள்ளிக்கூடம் போயிருப்பான் என்று நீ சொன்னாய். அவன் எங்குமே போகவில்லை. நாலு வருஷம் கழித்து, ஆபீசுக்கு ஆர்.டி. கட்ட வருகிற ஒருத்தி சொல்லித் தெரிந்தது, அந்த டிசம்பரில் ஒரு ராத்திரி அவனைக் காணோம் என்று தேடி, ரயில்வே லைன் ஓரம் உட்கார்ந்திருந்தவனை அவன் மாமா கூட்டிக்கொண்டு வந்தார் என்று. பதினோரு வயசுப் பையன். அன்றைக்கு நான் கணக்கை இரண்டு தடவை தப்பாகக் கூட்டினேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு, பயந்துவிடுவான், மார்க் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

படத்தில் ஷோயா வளர்ந்து பெரியவனானதும் யார் முகத்தையும் பார்க்க முடியாதவனாக இருக்கிறான். எதிரே வருகிறவர்கள் முகத்தில் எல்லாம் பெருக்கல் குறி ஒட்டியிருக்கிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். பார்ட் டைம் வேலை பார்த்து, தன் சாமான்களை விற்று, அம்மா கட்டிய பணத்தைச் சேர்த்து, தூங்குகிற அவள் பக்கத்தில் வைத்துவிட்டு சாகப் போகிறான். படமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. போனவன் சாகாமல் திரும்பி வந்துவிடுகிறான். காலைச் சாப்பாட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அம்மா, இனிமேல் சாக மாட்டேன் என்று சொல்லாவிட்டால் இந்தப் பணத்தைக் கொளுத்திவிடுவேன் என்கிறாள். அவன் சொல்லி முடிப்பதற்குள் பணம் நிஜமாகவே எரிந்து போகிறது.

உனக்கு அந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. நன்றாகத் தூங்கினாய், நன்றாகப் படித்தாய், நல்ல வேலைக்குப் போனாய். அதற்காக நான் சாமிக்குத் தேங்காய் உடைத்திருக்கிறேன். ஆனால் படத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தோன்றியது இதுதான்: ஷோயாவின் அம்மா தன் காதைக் கொடுத்து வாங்கிக்கொண்ட பங்கை நான் வாங்க மறுத்தேன், உன்னையும் வாங்க விடவில்லை. மிச்சம் வைக்காமல் முழுவதையும் அந்தப் பையனே சுமந்திருக்கிறான்.

ஷோகோ மேல் எனக்கு முதலில் கோபம்கூட வந்தது. என்ன செய்தாலும் சிரிக்கிறாள், தானே மன்னிப்புக் கேட்கிறாள். வாய் இல்லாவிட்டால் கை இல்லையா, திருப்பி ஒன்று கொடுக்கக் கூடாதா என்று யாழினியிடம் சொன்னேன். "வெயிட் பண்ணுங்க பெரியம்மா" என்றாள். ஷோயா மாறி, சைகை மொழி கற்று, தண்ணீரில் போன அதே நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, சிநேகமாகி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கும்போது, ஒரு வாணவேடிக்கை ராத்திரியில் அவள் தனியாக வீட்டுக்குப் போய் பால்கனி சுவர் மேல் ஏறிவிடுகிறாள். என்னால்தான் எல்லோருக்கும் கஷ்டம் என்று அவளுக்குள் ஊறிப்போயிருக்கிறது. சின்ன வயதில் நாலு பேர் சிரித்தது அத்தனை வருஷம் கழித்தும் அவளை விடவில்லை. ஷோயா அவளைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டுத் தான் விழுகிறான். அப்போது ஷோகோவின் அம்மா, ஷோயாவின் அம்மா முன்னால் தரையில் மண்டியிடுகிறாள். இரண்டு பேரும் உயிரோடு மீள்கிறார்கள். வாழ்வதற்கு எனக்கு உதவி செய் என்று ஷோயா ஷோகோவிடம் கேட்கிறான். படம் அவன் பக்கமே அதிகம் நின்றுவிட்டது என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஷோகோவின் மனசுக்குள் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்.

இந்தப் படத்தின் மூலக்கதை படக்கதைத் தொடராக வர ஆரம்பித்தது 2013-ல். அதே வருஷம் ஜப்பானில் பள்ளிக்கூடத்துக் கொடுமைக்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டார்கள். ஒட்சு என்ற ஊரில் 2011-ல் பதிமூன்று வயசுப் பையன் ஒருவன் இறந்துபோனதில் நாடே கொதித்துப்போய் வந்த சட்டம். இஜிமே என்கிறார்கள் அவர்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்பதை வைத்து அந்தச் சட்டம் இஜிமேயை அளக்கவில்லை. பட்ட பிள்ளைக்கு மனசிலோ உடம்பிலோ வலித்ததா என்பதுதான் அளவு. நம் ஊரில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவனை ராகிங்கில் பறிகொடுத்துவிட்டு மறு வருஷமே ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தோம். அது காலேஜ் விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் நடந்தால் விளையாட்டு.

போன வியாழக்கிழமை அந்தத் திக்கிப் பேசுகிற பையனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். பசுவந்தனை ரோடு பக்கம் இருக்கிறாள், விசாரித்துப் போனேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் யார் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். அப்புறம் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஹெட்மாஸ்டர் அறையில் நான் சொன்னதை, சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லி, தப்பு என்றேன். "அது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவன் மோட்டார் வைண்டிங் செய்கிறானாம். நல்ல கைவேலை, அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு பெண் குழந்தை. பேர் வைக்கும்போது, "எனக்குச் சொல்ல வர்ற பேரா வைங்க" என்று மட்டும் கேட்டானாம். எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்து யமுனா என்று வைத்திருக்கிறார்கள். கிளம்பும்போது, "வந்தீங்கன்னு அவன்கிட்ட சொல்றேன்" என்றாள். போன் நம்பர் அவள் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நீ ஏதாவது சொல்ல நினைத்தால் எழுது, கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எழுதாவிட்டாலும் உன்னைக் கேட்க மாட்டேன். ஆனால் டைப்ரைட்டர் என்று மட்டும் எழுதிவிடாதே. அவன் பேர் பாலமுருகன்.

நீயும் சுதாவும் அந்த டீச்சரைத் திரும்பப் போய்ப் பாருங்கள். நிதினையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனை அடிக்க வேண்டாம். டப்பாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளை வீட்டில் என்ன சமைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பையன் பேர் என்ன? அன்றைக்கு நீ சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முதலில் அதைக் கேட்பேன்.

அம்மா