மாத்திரை டப்பாவும் மற்றதும்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். முழுக்கப் படி.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மேலவீதி அத்தை உன் புதுப் போட்டோவைப் பார்த்துவிட்டு "இது நம்ம பிள்ளையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்குகிற ஆபரேஷன் முடிந்து முதலில் நீராகாரம், அப்புறம் மசித்தது, அதற்கப்புறம்தான் குழைந்த சாதம் என்று நீ இருந்த கட்டுப்பாடு எல்லோருக்கும் வராது. வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள் சொல்கிறேன்.

இப்போதும் அப்படித்தானே இருக்கிறாய்?

சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே தண்ணீரை நிறுத்திவிடு. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி குடிக்க வேண்டும். நம் வீட்டில் பக்கத்தில் சொம்பு இல்லாமல் யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. பொங்கலுக்கு வந்தபோது நீ நடுநடுவே டம்ளரைத் தேடினதைப் பார்த்தேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். சோறும் தண்ணீரும் சேர்ந்து இறங்க அதில் இடமில்லை. ஒன்று மேலே வரும், இல்லாவிட்டால் தண்ணீர் சோற்றை அடித்துக்கொண்டு போய்ச் சீக்கிரமே பசிக்கும். அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடாதே. நாளெல்லாம் மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். சோடா, கூல்டிரிங்ஸ் கூடாது. ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடிப்பது உனக்கு உயிர் என்று தெரியும், அதுவும் வேண்டாம்.

புரதம்தான் முதலில். ஒரு நாளைக்கு 60 கிராம் என்று சீட்டில் போட்டிருந்தார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, நீயே கணக்குப் பார்த்துக்கொள். மீன், பனீர், பயறு எல்லாம் சாப்பிட்டு, இடமிருந்தால் சோறு. ராத்திரி வேலை முடிந்து வந்து மிக்சர் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறாயாம். அக்காவைத் திட்டாதே, நான் கேட்டதால்தான் சொன்னாள். மிக்சரும் முறுக்கும் கரைந்து இறங்கிவிடும், வயிறு நிறைந்ததே தெரியாது. எடை திரும்ப ஏறுவது அப்படித்தான். இத்தனை கஷ்டப்பட்டுவிட்டு இப்படிச் செய்யலாமா?

மாத்திரை போடுகிறாயா? இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதே, நடுவில் இரண்டு மணி நேரமாவது விடு. இரும்பு மாத்திரையோடு காபி, டீ கூடாது. பி12 ஊசியா மாத்திரையா என்று சொல்லவே இல்லையே? தீர்ந்துவிட்டால் வாங்கிக்கொள். பணம் வேண்டுமானால் அப்பாவிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

ஆபீஸ் விருந்தைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மது ரத்தத்தில் சீக்கிரம் ஏறும், முன்பு தாங்கினது இப்போது தாங்காது. அது மட்டும் தெரிந்துகொள்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சாப்பாட்டு நடுவில் எழுந்து போனாயே, குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். எதற்காகக் குழாயைத் திறந்தாய் என்று எனக்குத் தெரியாதா? அதோடு, கால் பாதம் மரத்துப்போகிறது, செருப்புக் கழன்றதுகூடத் தெரியவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

தினமும் வாந்தி எடுத்தால் தயமின் என்கிற பி1 சத்து தீர்ந்துபோகும். சில வாரத்துக்கு மேல் தாங்குகிற அளவுக்கு உடம்பு அதைச் சேர்த்து வைப்பதில்லை. முதலில் கால் மரக்கும், எரியும். அப்புறம் நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், ஞாபகம் குழம்பும். தாமதித்தால் முழுக்கத் திரும்பாமலே போகலாம். சிடுமூஞ்சி டாக்டர் திட்டுவார் என்று நினைத்து நீ போகாமல் இருக்கிறாய், எனக்குத் தெரியும். மிக்சர் தின்றதற்குக் கிடைத்த தண்டனை இது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? அப்படி இல்லை கண்ணு. குழாய் மாதிரி இருக்கிற உன் இரைப்பை எங்கேயாவது சுருங்கியிருந்தாலும் சாப்பிட்டது மேலே வரும். எண்டோஸ்கோப்பியில் பார்த்து, பலூன் வைத்து விரித்துவிட முடியும். எந்தக் கட்டுப்பாட்டாலும் அது சரியாகாது.

நாளைக் காலையிலேயே போ. ரூம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போ, பைக் ஓட்டாதே. வாந்தி, கால் மரப்பு, எத்தனை நாளாக என்று மூன்றையும் மறைக்காமல் சொல். டிரிப்ஸ் போடுவதானால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போடச் சொல். அம்மா நர்ஸ், கேட்கச் சொன்னாள் என்று கூச்சப்படாமல் சொல். அவசரத்தில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், இருக்கிற கொஞ்ச தயமினும் அதிலேயே செலவாகிவிடும்.

மதியத்துக்குள் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்து இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அம்மா