ரத்த தான முகாம்களைப் பிரித்து நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்த வங்கி ஒன்றின் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஜூன் 14 உலக ரத்த தான நாள். ஏ, பி, ஓ வகைகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் பிறந்த நாள். அன்று முகாம் நடத்தப் பல அமைப்புகள் போட்டி போட்டு வருகின்றன. வரிசையில் நிற்கும் இளைஞர்களைப் பார்க்க மனம் நிறைகிறது. இரண்டு மாதம் கழித்து வந்து எங்கள் குளிர்பெட்டியையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

சிவப்பணுக்கள் குளிரில் இருந்தாலும், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்தான் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. 20 முதல் 24 டிகிரியில், இடைவிடாமல் ஆட்டும் கருவியில் வைத்தும் பொதுவாக 5 நாள்தான். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது எந்த நாளும் தேவைப்படும். ஒரே நாளில் வந்து குவிவதில் ஒரு பகுதி காலாவதியாகிவிடுகிறது. யாரோ மனமுவந்து கொடுத்த பையை என் கையாலேயே கழிவில் போடுவதைப் போலக் கொடுமை இந்த வேலையில் வேறில்லை.

அதோடு, அன்று கொடுத்த ஆண்கள் 12 வாரமும் பெண்கள் 16 வாரமும் பொறுத்துத்தான் மறுபடி கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடுவில் அவசரம் என்று கூப்பிட்டால், "இப்பத்தானே சார் கொடுத்தேன்" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

தலசீமியா என்பது உடலில் ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய். அது கடுமையாக உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். "இன்னைக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டபடிதான் அந்தத் தாய்மார்கள் உள்ளே வருகிறார்கள். முறை தவறாமல் வரும் அவர்கள் அப்படிக் கேட்கும் நிலை இருக்கவே கூடாது.

இன்னொன்று. விபத்து நடந்த பிறகு ஓடி வந்து கொடுப்பவரின் ரத்தம் உடனே நோயாளிக்குப் போகாது. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், பால்வினை நோய் என்று சோதித்து முடிக்க நேரமாகும். அதுவரை உயிரைப் பிடித்து வைப்பது முன்பே யாரோ கொடுத்து, சோதித்து, தயாராக இருக்கும் ரத்தம்.

அதனால் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். நூறு பேர் இருந்தால் நான்கு குழுவாகப் பிரியுங்கள்; மூன்று மாதத்துக்கு ஒரு குழு வரட்டும். தேதி குறிக்கும் முன் ரத்த வங்கிக்கு ஒரு போன் போட்டு, எப்போது, எந்த வகை குறைகிறது என்று கேளுங்கள். தேர்வு, விடுமுறைக் காலங்களில் வருபவர் குறைவு. அப்போது வந்தால் பெரிய உதவி. அப்புறம், வாட்ஸ்அப்பில் "அவசரம், ரத்தம் தேவை" என்று அனுப்பும்போது தேதியைப் போடுங்கள். கிடைத்ததும் அதையும் அங்கேயே தெரிவியுங்கள். தேவை முடிந்து வெகுநாள் ஆன செய்தியை நம்பி வருபவர், அடுத்த உண்மையான அழைப்புக்கு வரத் தயங்குகிறார்.

இப்படிக்கு,
ரத்த வங்கி ஊழியர் ஒருவர்