கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுத மாட்டேன். ஊரின் பெயரையும் நாட்டின் பெயரையும்கூட எழுதப்போவதில்லை. நான் விமானம் ஏறி வந்துவிட்டேன். நீங்களோ இன்றும் அதே பஸ் நிலையத்தில், அதே காவலர்கள் ரோந்து வரும் வழியில், டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி சொல்கிறேன் என்று உங்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

நாட்டின் பெயரைச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடந்ததைக் கேட்டவர்களில் பாதிப் பேர் "அந்த நாடே அப்படித்தான்" என்கிறார்கள். என்னை மிரட்டிய மூவரும் அந்த நாட்டுக்காரர்கள். என்னைக் காப்பாற்றிய நீங்களும்தானே அந்த நாட்டுக்காரர்! அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் உங்கள் முகம் நினைவுக்கு வருகிறது, கோபமும் வருகிறது.

அன்று இரவு பத்தரை மணிக்குக் கடைசி பஸ்ஸுக்காகத் தனியாக நின்றிருந்தேன். சீருடையில் இருவரும் சாதாரண உடையில் ஒருவரும் வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். வாங்கியவர் விசாப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அடிவயிறு சில்லிட்டது. காத்திருப்போர் கூடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப் போய்ப் பையைக் கொட்டினார்கள். தலைவலி மாத்திரை அட்டையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து "போதைப்பொருள்" என்றார் ஒருவர். கள்ளநோட்டா என்று பார்ப்பதாகச் சொல்லிப் பணப்பையிலிருந்து எடுத்த நோட்டுகள் திரும்பி வரவில்லை. 200 டாலர் அபராதம் என்றார்கள். ரசீது கேட்டேன், தொகை 500 ஆனது. கையில் அவ்வளவு இல்லை என்றதும், காரில் ஏடிஎம்முக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி ஒருவர் கதவைச் சாத்தப் போனார்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். நாற்காலி ஒன்றை இழுத்துவந்து சரியாக வாசற்படியில் போட்டு உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டீர்கள். கதவைச் சாத்த முடியவில்லை. அவர்கள் கத்தினார்கள். நீங்கள் தலை நிமிராமல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அதன் பொருள் பிற்பாடுதான் தெரிந்தது: "இவள் என் பஸ்ஸின் பயணி. இவள் ஏறாமல் நான் கணக்கை முடிக்க முடியாது."

பொருள் சொன்ன தம்பிக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. தம்பி, உன்னிடம் நான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மொழிபெயர்க்க வந்திருக்கிறேன் என்று நீ உள்ளே நுழைந்தபோது, உன்னையும் அவர்களின் ஆள் என்றே நினைத்தேன். "எது நடந்தாலும் காரில் மட்டும் ஏறாதீர்கள், அக்கா" என்று நீ தணிந்த குரலில் சொன்னபோதுகூட நம்பவில்லை. உன் மாணவர் அடையாள அட்டையைப் பிடுங்கி அவர்கள் படம் எடுத்ததைப் பார்த்த பிறகுதான் நீ எதைப் பணயம் வைத்து வந்திருக்கிறாய் என்பது புரிந்தது. அந்தப் படம் இன்னும் அவர்களிடம் இருக்கும். இரவில் விழிப்பு வந்தால் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. நீ நலமாக இருக்கிறாய் என்ற ஒரு வரி யார் மூலமாவது வந்தால் போதும்.

தூதரகத்தின் அவசர எண்ணை அழைக்கச் சொன்னதும் நீதான். மறுமுனையில் தூக்கம் கலைந்த ஒரு பெண் குரல். அந்த அதிகாரிக்கும் என் வணக்கம். நீங்கள் என்னிடம் பொய்யாக எந்த ஆறுதலும் சொல்லவில்லை. "உங்களை விடுவிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, கேள்வி கேட்கும் அதிகாரம் உண்டு" என்றீர்கள். பிறகு ஸ்பீக்கரில் அவர்களுடைய மொழியிலேயே, குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள்: இவர் கைது செய்யப்பட்டிருக்கிறாரா? ஆம் என்றால், எந்தக் குற்றத்துக்காக? தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று இவரிடம் சொன்னீர்களா? கைது இல்லை என்றால், பாஸ்போர்ட் ஏன் உங்கள் பையில் இருக்கிறது?

அறையில் யாரும் பதில் பேசவில்லை. சற்று நேரம் கழித்து பாஸ்போர்ட் மேசைமீது வந்து விழுந்தது.

ஊர் திரும்பியதும் அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு. அமெரிக்காவில் கைதான இரண்டு ஜெர்மானியச் சகோதரர்களிடம் இந்த உரிமையைப் பற்றி உரிய நேரத்தில் சொல்லவில்லை; 1999-இல் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜெர்மனி தொடுத்த வழக்கில், அது அரசுகளுக்கு மட்டுமல்ல, தனிமனிதருக்கும் உரிய உரிமை என்று பன்னாட்டு நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. என் இரவை அவர்களின் கதையோடு ஒப்பிடவில்லை. ஆனால் ஏட்டில் இருக்கும் அந்த உரிமை என் காதுக்கு வந்து சேர, ஒரு தம்பி எண்ணைத் தேட வேண்டியிருந்தது. கதவு திறந்தே இருக்க, ஒரு நாற்காலி வேண்டியிருந்தது.

ஓட்டுநர் ஐயா, நீங்கள் ஐம்பது நிமிடம் பஸ்ஸை எடுக்கவில்லை. என்ஜினை அணைக்காமல், விளக்கு அந்த அறைச் சன்னலில் விழும்படி திருப்பி நிறுத்தியிருந்தீர்கள். உள்ளே இருந்த பயணிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் ஏறியதும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தார். விடியும்வரை அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

அம்மா, உங்களிடம் நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. உடம்பு நடுங்கியதில் வாய் வரவில்லை. நீங்கள் சால்வையைக் கழற்றி எனக்குப் போர்த்தி, படியில் ஏற்றிவிட்டு, புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டு திரும்பி நடந்தீர்கள். சால்வை என்னிடமே இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் உங்கள் பெயரை எழுத வேண்டிவரும். அந்த வழியாகப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பப்போகிறேன். என்றாவது முன்பின் தெரியாத யாரோ கவுண்டரில் அதை நீட்டினால், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பஸ்ஸின் பயணி